19 டாலர் லோகோவுக்கு நாங்கள் கொடுத்த 585 வெள்ளி

அக்கா சிங்கப்பூர் ஈசூனில் தன் நாலறை வீட்டில் பிளவுஸ் தைக்கிறார். பத்து வருடமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தைத்துக்கொண்டிருந்தவர், 2024 நடுவில் ஆரி என்கிற பூத்தையல் வேலையும் கற்றுக்கொண்ட தைரியத்தில், "இனி இதையே தொழிலா பண்ணப்போறேன், ஒரு பேரும் லோகோவும் வேணும், நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கியே, பாத்துக் குடு" என்று என் தலையில் கட்டிவிட்டார். பெயருக்கு யோசிக்கவே இல்லை. எங்கள் பாட்டியின் பெயர், பொற்கொடி. அவர்தான் அக்காவுக்கு முதன்முதலில் ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்.

நான் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவன். வரைகலைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் ரசீது சேர்த்து வைக்கிற வியாதி உண்டு, அதனால்தான் ஒவ்வொரு காசுக்கும் கணக்குச் சொல்லி இதை எழுத முடிகிறது.

வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில் தையல் மாதிரி சிறு தொழில் செய்யலாம், தடையில்லை. ஆனால் வாசலில் பெயர்ப்பலகையோ விளம்பரமோ மாட்டக் கூடாது. ஆகவே வாட்ஸ்அப்பில் வட்டமாகத் தெரிகிற படம், இன்ஸ்டகிராம், நேம் கார்டு, பிளவுஸ் போட்டுக் கொடுக்கிற பை, கழுத்துக்குப் பின்னால் உள்பக்கம் தைக்கிற லேபிள் இவ்வளவுதான் அக்காவின் கடை முகப்பு. சொந்த முழுப்பெயரில் இல்லாமல் வேறு பெயரில் தொழில் நடத்தினால் அக்ரா என்கிற அரசாங்கத் தொழில் பதிவு அமைப்பில் பதிய வேண்டும் என்பதால் அதை முதலில் முடித்தோம்: பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. அரசாங்கத்துக்கே 115 வெள்ளி போனபின் லோகோவுக்கும் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கஞ்சத்தனத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது.

இணையத்தில் தேடினால் லோகோ செய்து தரும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பெயரைத் தட்டச்சு செய், தொழிலைத் தேர்ந்தெடு, பிடித்த நிறம் சொல், ஒரு நிமிடத்தில் ஐம்பது லோகோ. நான் தேர்ந்தெடுத்த தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே ஒரு மயில் கிடைத்தது, தோகை ஊதாவிலிருந்து பச்சைக்கு மெல்ல மாறும், பார்க்க அவ்வளவு அழகு. விலை 19 அமெரிக்க டாலர். இரண்டு பிளேட் பிரியாணி காசு, போகட்டும் என்று அழுத்திவிட்டேன்.

முதல் அடி கடன் அட்டை ரசீதில். 19 டாலர் அன்றைய மாற்று விகிதத்தில் 25 வெள்ளி 65 காசு. அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 ஜனவரியிலிருந்து இந்த வரி உண்டு. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும் வணிகங்கள்தான் அந்த வரிக்குக் கட்டாயம் பதிய வேண்டும், அக்கா மாதிரி ஆட்கள் பதிவதில்லை, அதனால் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. அப்புறம் வெளிநாட்டு நாணயப் பரிமாற்றத்துக்காக வங்கி எடுத்துக்கொண்டது மூன்றேகால் விழுக்காடு. ஆக மொத்தம் 28 வெள்ளி 87 காசு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் திரையில் தெரிகிற விலையோடு மனசுக்குள் ஒன்றரையைப் பெருக்கிக்கொள்ள அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது அடி கோப்பைத் திறந்தபோது. ஒரே ஒரு பிஎன்ஜி படம், அகலமும் உயரமும் 600 பிக்சல், அதாவது 600 புள்ளி, பின்னணி வெள்ளை. அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 பிக்சல் வேண்டும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் இந்த மயில் இரண்டு அங்குலத்துக்கு, அதாவது ஐந்து செண்டிமீட்டருக்கு மேல் தாங்காது. அது எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது வேறு. தமிழ்.

தளத்தில் ஆங்கிலத்தில் பெயர் போட்டால் அருமையாக வந்தது. பொற்கொடி என்று தமிழில் போட்டால் முதலில் வெறும் கட்டங்கள். வேறு எழுத்துருவை மாற்றினால் எழுத்து வந்தது, ஆனால் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், பகரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு மூலையில் நின்றன. காரணம் பிற்பாடு புரிந்தது. கணினிக்குள் 'பொ' என்பது முதலில் ப, அடுத்து ஓர் உயிர்க்குறி என்று இந்த வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைத்துக் காட்டுவது திரையில் எழுத்தைக் கோக்கும் மென்பொருளின் வேலை. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துக் கட்டிய தளம் அந்த வேலையைச் செய்வதே இல்லை. உதவிப் பிரிவுக்கு எழுதினேன், உங்கள் மொழி தற்போது ஆதரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. காசு வாங்கும்போது அதைச் சொல்லவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "பாட்டிக்கு இங்கிலீஷ்ல கையெழுத்தே போடத் தெரியாதுடா, அவங்க பேரை இங்கிலீஷ்ல மட்டும் போடுறதா?" என்று ஒரே கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, மயிலையும் ஆங்கிலப் பெயரையும் அப்படியே வைத்து, நேம் கார்டு அடிக்கும் இடத்தில் கீழே தமிழைத் தட்டச்சு செய்து சேர்க்கச் சொல்லலாம் என்று முடிவெடுத்தோம். கைப்பேசிக்கு மாதிரி அனுப்பினார்கள், தமிழ் சரியாகவே இருந்தது. ஒப்புதல் கொடுத்தேன். 500 அட்டை, 45 வெள்ளி. வீட்டுக்கு வந்த பெட்டியை அக்கா மகள்தான் முதலில் பிரித்தாள், உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், தமிழில் கொஞ்சம் கெட்டி. ஓர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, ஆயா பேரை ஏன் இப்படி உடைச்சி வச்சிருக்காங்க?" என்றாள். ஐந்நூறிலும் ெபாற்ெகாடி. மாதிரி காட்டிய கணினி ஒன்று, அச்சுக்கு அனுப்பிய கணினி வேறொன்று, எழுத்துகளை வடிவமாக மாற்றாமல் தட்டச்சாகவே கோப்பில் விட்டிருந்ததால் இரண்டாவது கணினி தனக்குத் தெரிந்த மாதிரி அடுக்கிவிட்டது. மாதிரிக்கு ஒப்புதல் கொடுத்தது நான் என்பதால் பணம் திரும்ப வரவில்லை.

தமிழில் அச்சடிக்கிற யாருக்கும் நான் சொல்கிற முதல் விஷயம் இதுதான்: அச்சகத்துக்குப் போகும் கோப்பில் தமிழ் எழுத்து எழுத்தாக இருக்கக் கூடாது, வடிவமாக மாறியிருக்க வேண்டும். இங்க்ஸ்கேப் என்கிற இலவச மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். இல்லஸ்ட்ரேட்டர் என்கிற வரைகலை மென்பொருளில் சிக்கு பதில் ஓ. இரண்டு நொடி வேலை. அதன்பிறகு அந்தக் கோப்பை உலகத்தில் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது.

அடுத்து பேனர். செப்டம்பர் கடைசியில் ஒரு சமூக மன்றத்தில் தீபாவளி விற்பனை, அக்காவுக்கு ஒரு மேசை கிடைத்தது. பின்னால் நிற்க வைக்கிற சுருள் பேனர் ஒன்று அடிக்கலாம் என்று சன்ஷைன் பிளாசாவுக்குப் போனேன், அச்சுக் கடைகள் அங்கே நிறைய. கடைக்கார அங்கிள் என் கோப்பைத் திறந்து பேனர் அளவுக்கு, 85 செண்டிமீட்டர் அகலத்துக்கு, இழுத்துக் காட்டினார். ஓர் அங்குலத்துக்குப் பதினெட்டே பிக்சல். மயிலின் கண் நாலு சதுரமாக இருந்தது. "இது கேன்னாட் லா, வெக்டர் ஃபைல் கொண்டு வா" என்றார். நல்ல மனுஷன், அப்படியே அடித்துக் கொடுத்துக் காசை வாங்கியிருக்கலாம்.

வெக்டர் என்றால் படத்தைப் புள்ளிகளாக வைக்காமல் கோடுகளின் கணக்காக வைப்பது, எஸ்விஜி மாதிரி; எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. தளத்தில் அது உண்டா என்று பார்த்தால், உண்டு, ஆனால் 19 டாலர் திட்டத்தில் இல்லை. 'மாதம் 10 டாலர் மட்டும்' என்ற திட்டத்தில் இருந்தது. அதை அழுத்தினால் கடைசிப் பக்கத்தில்தான் ஆண்டுக்கு 120 டாலர் மொத்தமாக எடுப்போம் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. ஏற்கெனவே கொடுத்த 19 டாலர் கழிவும் கிடையாது. விற்பனைக்கு எட்டு நாள்தான் இருந்தது. கட்டினேன். வரி, வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 182 வெள்ளி 32 காசு. அட்டையிலும் இன்ஸ்டகிராமிலும் மயில் ஏறிவிட்ட பிறகு அதன் நல்ல கோப்பு அந்தத் தளத்திடம் மட்டும்தானே இருக்கிறது, கேட்ட விலையைக் கொடுக்காமல் வேறென்ன செய்வது. பேனர் 65 வெள்ளி, அது நன்றாகவே வந்தது.

லேபிள் அப்படி நன்றாக வரவில்லை. பிளவுஸில் தைப்பதற்கு இரண்டு செண்டிமீட்டர் அகலத்தில் நெய்த லேபிள் முந்நூறு, 90 வெள்ளி. நூலில் நெய்யும்போது ஊதாவிலிருந்து பச்சைக்கு 'மெல்ல மாறுவது' என்று ஒன்று கிடையாது, இந்த நூல் அல்லது அந்த நூல். தோகையின் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து, தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றிலைச் சாறு சிந்தின மாதிரி இருந்தது. அக்கா ஒரே ஒரு பிளவுஸில் தைத்துப் பார்த்துவிட்டுப் பிரித்துவிட்டார். எந்த லோகோவையும் வாங்குவதற்கு முன் இரண்டு செண்டிமீட்டருக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் ஒரு தாளில் அச்செடுத்துப் பாருங்கள். அலுவலக பிரிண்டர் போதும். என்னவென்று தெரியவில்லை என்றால் அதை வாங்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் மயிலை விடுவதாக இல்லை. விட வைத்தது விற்பனைக்கு வந்த ஓர் அம்மா. மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தவர், பேனரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க கடை எங்கூர்லயும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அங்கே ஒரு அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவில் இதே மயிலாம். அன்றிரவு படத்தை வைத்துத் தேடினேன். அழகு நிலையம் மட்டுமா, நகைக்கடை, யோகா வகுப்பு, ஏதோ ஒரு நாட்டில் ஹோட்டல். எல்லாம் நிறம் மாறிய எங்கள் மயில். தளத்தின் விதிமுறையை அப்போதுதான் முழுசாகப் படித்தேன்: சின்னங்கள் பொதுத் தொகுப்பிலிருந்து வருபவை, உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை, தனியுரிமை அல்ல.

வணிக முத்திரையாக (ட்ரேட்மார்க்) பதியலாம் என்று ஓர் எண்ணம் இருந்தது, அதுவும் அதோடு போயிற்று. சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் 2024இல் பார்த்தபோது, அவர்களுடைய பட்டியலில் உள்ள விவரிப்புகளைப் பயன்படுத்தி விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 280 வெள்ளி. ஆடைகள் 25ஆம் வகை, தையல் சேவை 40ஆம் வகை, ஆக இரண்டுக்கும் 560. பதிந்தால் பத்தாண்டு பாதுகாப்பு, பிறகு புதுப்பிக்கலாம். உலகத்துக்கே பொதுவான மயிலுக்கு இந்தப் பணத்தைக் கொடுத்து என்ன பயன்? பலர் குழப்பிக்கொள்கிற இன்னொன்று, அக்ராவில் பெயர் பதிந்துவிட்டால் முத்திரை உரிமையும் வந்துவிட்டது என்று நினைப்பது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு.

இதற்கப்புறம்தான் உட்கார்ந்து உண்மையாகவே ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

கேன்வா என்கிற வடிவமைப்புத் தளத்தின் இலவசக் கணக்கில் லோகோ செய்து பிஎன்ஜி, பிடிஎஃப் எடுக்கலாம். வெள்ளைப் பின்னணி இல்லாத படமும் எஸ்விஜியும் வேண்டுமானால் கட்டணத் திட்டம். அங்கேயும் தொகுப்பில் உள்ள படங்களை வைத்துச் செய்ததை முத்திரையாகப் பதிய முடியாது, இதை அவர்களே தெளிவாகச் சொல்கிறார்கள். ஆனால் வெறும் எழுத்துரு, கோடு, வட்டம் போன்ற அடிப்படை வடிவங்களை மட்டும் வைத்து நீங்களே அமைத்தால் அந்தத் தடை இல்லை. ஃபைவர் என்கிற, இணையத்தில் வேலைக்கு ஆள் பிடிக்கிற தளத்தில் ஐந்து பத்து டாலருக்கு ஆள் கிடைக்கும். மேலே சேவைக் கட்டணம், பலரிடம் மூலக் கோப்புக்குத் தனிக் காசு, திருத்தத்துக்குத் தனிக் காசு, தமிழ் தெரியாதவர் என்றால் கொம்பு விஷயத்தில் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. செயற்கை நுண்ணறிவில் கேட்டுப் பார்த்தேன், தமிழ் எழுத்து மாதிரியே ஏதோ ஒன்று வந்தது, தூரத்திலிருந்து தமிழ், கிட்டே போனால் எந்த மொழியும் இல்லை. அதுவும் புள்ளிப் படம்தான், வெக்டர் இல்லை.

பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு, அதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பவனம், கவிவனர் என்று தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. உரிமம் திறந்தது, வணிகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இங்க்ஸ்கேப்பை இறக்கி, பெயரை அதில் எழுதி, ஒரே நிறம் கொடுத்து, வடிவமாக மாற்றி எஸ்விஜியாகச் சேமித்தால் அதுவே ஒரு லோகோ. எனக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது, பாதி நேரம் யூடியூப் பார்ப்பதில் போயிற்று. முக்த மலரில் பொற்கொடி என்று எழுதி அக்காவிடம் காட்டினேன். "மயிலைவிட இது மேல்" என்றார். ஆரம்பத்திலேயே இதைச் செய்திருந்தால் முதல் ஒரு வருடத்தை நிம்மதியாக ஓட்டியிருக்கலாம்.

என் கணக்கில் இப்போது இரண்டே வழிதான். தொழில் ஓடுமா ஓடாதா என்றே தெரியாத நிலையில் காசே போடாமல் நல்ல எழுத்துருவில் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஓடும் என்று தெரிந்துவிட்டால் மனுஷரிடம் போக வேண்டும். நடுவில் இருக்கிற 19, 40, 60 டாலர் சமாசாரம்தான் ஆளைக் கவிழ்க்கிறது, ஏனென்றால் காசு கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் அதை எல்லா இடத்திலும் அச்சடிக்க ஆரம்பித்துவிடுகிறோம். லோகோவுக்குக் கொடுத்ததைவிட அதை அச்சடித்த பொருளுக்குத்தான் எப்போதும் அதிகம் போகும்.

அக்கா விஷயத்தில் தீபாவளிக்குள் ஆர்டர் நிரம்பி வழிந்ததால் 2025 ஜனவரியில் ஒரு மாணவியிடம் போனோம். தெரிந்தவர் மகள், பாலிடெக்னிக்கில் வடிவமைப்பு படிக்கிறாள். 250 வெள்ளி. முதல் நாள் அவள் வந்து அக்கா ஆரி போடுவதைத்தான் ஒரு மணிநேரம் பார்த்தாள். சட்டத்தில் இழுத்துக் கட்டின துணி, மேலிருந்து இறங்குகிற ஊசி, அடியிலிருந்து நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்கும் அந்த ஒரு சொடுக்கு. அடுத்த வாரம் வந்த வரைபடத்தில் 'பொ'வின் கொம்பு ஆரி ஊசியின் கொக்கியாக வளைந்திருந்தது, அங்கிருந்து கிளம்பின நூல் 'கொ'வின் கொம்பாகச் சுற்றி 'டி'யின் மேல்சுழியில் முடிந்தது. ஒரே நிறம். இரண்டு செண்டிமீட்டரிலும் தெரிந்தது. அத்தான் எதையும் சீக்கிரத்தில் பாராட்டாதவர், அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

பணம் கொடுப்பதற்கு முன் அரைப் பக்கத்தில் ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வரைந்தவருக்குத்தான் பதிப்புரிமை முதலில் சேரும், காசு கொடுத்துவிட்டதாலேயே அது நமக்கு வந்துவிடாது, எழுத்தில் எழுதி அவர் கையெழுத்திட்டுத்தான் மாற்ற வேண்டும். அந்தத் தாளில் உரிமை அக்காவுக்கு மாறுகிறது என்றும், தன் வேலைத் தொகுப்பில் காட்டிக்கொள்ள அவளுக்கு அனுமதி உண்டு என்றும், எஸ்விஜி, பிடிஎஃப், பின்னணி இல்லாத பிஎன்ஜி, கறுப்பு மட்டும், வெள்ளை மட்டும் என ஐந்து கோப்புகள் தருவாள் என்றும் எழுதினோம். நெருங்கின பழக்கத்தில் போய் இதையெல்லாம் கேட்பதா என்று அக்காவுக்குக் கூச்சம். அந்தப் பெண்ணோ, தன் ஆசிரியரும் இப்படித்தான் எழுதி வாங்கச் சொல்வார் என்றாள்.

மயில் கதை முடிந்தது என்றிருந்தேன். 2025 செப்டம்பரில் கடன் அட்டைக் கணக்கில் மறுபடி 120 டாலர். வெள்ளி கொஞ்சம் வலுவாக இருந்ததால் இந்த முறை 174 வெள்ளி 22 காசு, அதில் ஓர் அற்ப சந்தோஷம். தானாகப் புதுப்பிக்கும் என்று முந்தைய ஆண்டே ஒப்புக்கொண்டிருக்கிறேன், நினைவூட்டும் மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் கிடந்தது. எழுதிக் கேட்டேன், தரமாட்டோம் என்றார்கள். சந்தா கட்டிய அன்றைக்கே, அந்த உலாவிப் பக்கத்தை மூடுவதற்கு முன்பே, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். கட்டின காலம் முடியும்வரை சேவை பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

28.87, 182.32, 45, 65, 90, 174.22. கூட்டினால் 585 வெள்ளி 41 காசு. புது லோகோவின் 250 இதில் சேர்த்தி இல்லை. அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கில் இப்படி ஒரு வரிசையைப் பார்த்திருந்தால் கூப்பிட்டு வைத்துக் கேட்டிருப்பேன்.

பேனர் அத்தானின் மீன்தொட்டிக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறது. லேபிள்களை அக்கா மகள் பள்ளிக் கைவினை வேலைக்கு எடுத்துப்போய்விட்டாள். உடைந்த பெயரோடு வந்த 500 நேம் கார்டுகளை மட்டும் அக்கா தூக்கிப் போடவில்லை. தையல் மெஷின் பக்கத்திலேயே பெட்டியை வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் அளவை அதன் பின்பக்கத்தில் எழுதித் துணியோடு குத்தி வைக்கிறார். போன வாரம் எண்ணினேன், இன்னும் 210 இருக்கிறது.